உள்காதுக் கோளாறுகளும் மூலிகை மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைச்சுற்றல், காது இரைச்சல், காதடைப்பு என்று அவதிப்படுகிறவர்களில் பலர் ஒரு கட்டத்தில் மூலிகை பக்கம் திரும்புகிறார்கள். தேடினால் கிடைப்பது ஒன்று விற்பனைப் பேச்சு, இல்லையென்றால் "எல்லாம் சும்மா" என்ற ஒரே வரி மறுப்பு. எந்த மூலிகையை எந்த நோய்க்கு யார் சோதித்துப் பார்த்தார்கள், என்ன தெரியவந்தது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம்.

உள்காதுக் கோளாறு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

செவிப்பறைக்கு அந்தப்புறம் இருப்பது நடுக்காது. அதற்கும் உள்ளே, மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்புக்குள் புதைந்திருப்பது உள்காது. அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன. நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா ஒலியைப் பிடித்து நரம்புக்குத் தருகிறது. பக்கத்திலேயே இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. இரண்டிலும் ஒரே திரவம் ஓடுகிறது. அதனால்தான் சிலருக்குச் சுற்றலும் மந்தமும் இரைச்சலும் சேர்ந்தே வருகின்றன.

அடிக்கடி பார்க்கிற நோய்கள் சில. படுக்கையில் புரண்டால் சில நொடிகள் உலகமே சுழல்வது பிபிபிவி. இடத்தை விட்டு நகர்ந்த சுண்ணாம்புத் துகள்கள் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுவதே அதற்குக் காரணம். நிமிடக்கணக்கில் தொடங்கி மணிக்கணக்கு வரை நீடிக்கும் சுற்றல், கூடவே ஒரு காதில் அடைப்பும் இரைச்சலும் ஏறி இறங்கும் காது மந்தமும் இருந்தால் மெனியர் நோயாக இருக்கலாம். பிரான்ஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861-இல் இதை விவரித்தார். சமநிலை நரம்பு வீங்கி நாள்கணக்கில் சுற்றவைப்பது வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ். காரணமே தெரியாமல் ஒரு காது சட்டென்று கேட்காமல் போவது திடீர் செவித்திறன் இழப்பு. காது இரைச்சல் தனி நோய் இல்லை, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி.

"காதுக்கு நல்லது" என்று ஒரு மூலிகையை எடுத்துக்கொண்டால் போதாதா? நோயின் பெயர் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். மேலே சொன்ன நான்கு நோய்களுக்கும் காரணம் வேறு வேறு. குழாய்க்குள் விழுந்த துகளை எந்தக் கஷாயமும் கரைத்துவிடாது. அது உரிய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதற்குத் தலையை முறையாகத் திருப்பினால் போதும். மெனியர் நோயில் உள்காதுத் திரவம் தேங்குகிறது. நியூரைட்டிஸில் நரம்பு அடிபட்டிருக்கிறது. "தலைச்சுற்றலுக்கு மூலிகை" என்று பொதுவாக ஒரு பெட்டியில் அச்சிட்டிருந்தால், எந்தத் தலைச்சுற்றலுக்கு என்று கேளுங்கள். பதில் இருக்காது.

ஜின்கோ பைலோபா காது இரைச்சலைக் குறைக்குமா?

ஜின்கோ சீனாவைச் சேர்ந்த ஒரு மரம், அதன் இலைச் சாறுதான் மாத்திரையாக விற்கிறது. உள்காது விஷயத்தில் உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட மூலிகை இதுதான். அதனால் பதிலும் ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது: குறைப்பதாகத் தெரியவில்லை.

பெரிய சோதனை பிரிட்டனின் பர்மிங்ஹாமில் நடந்தது, 2001-இல் வெளியானது. காது இரைச்சல் உள்ள 1,121 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்கு 50 மில்லிகிராம் ஜின்கோ சாறு தினம் மூன்று வேளை, மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, ஆனால் மருந்து எதுவும் இல்லாத மருந்துப்போலி, 12 வாரங்களுக்கு. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முடிவில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு 2022-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளை, மொத்தம் 1,915 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. ஜின்கோவால் பலன் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாததால் இதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொல்லை தரும் காது இரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே நேரடியாகச் சொல்கிறது.

அப்புறம் ஏன் இன்னும் விற்பனையாகிறது? இரைச்சல் ஏறி இறங்கும் தன்மை உடையது. மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஒருவர் மாத்திரை வாங்குகிறார். அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தணிந்திருக்கும், பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

தலைச்சுற்றலுக்காவது ஜின்கோ உதவுமா?

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. ஜின்கோ இலையின் வேதிப்பொருள்களான ஃபிளேவோன் கிளைகோசைடுகள் 24 சதவீதமும் டெர்பீன் லாக்டோன்கள் 6 சதவீதமும் இருக்கும்படி சீராக்கப்பட்ட ஒரு ஜின்கோ சாற்றை, தினம் 240 மில்லிகிராம் என்ற அளவில், தலைச்சுற்றலுக்கு வழக்கமாகத் தரப்படும் பீட்டாஹிஸ்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 160 பேர், 12 வாரங்கள், 2014-இல் வெளியானது. இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு முன்னேறின, ஜின்கோ குழுவில் பக்க விளைவுகளும் குறைவு. நல்ல செய்தி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் மருந்துப்போலி எடுத்த மூன்றாவது குழு இல்லை. இரண்டு மருந்தும் வேலை செய்திருக்கலாம். இரண்டுமே செய்யாமல், நோயாளிகள் தாமாகத் தேறியிருக்கவும் கூடும். அடுத்த கேள்வியைப் படித்தால் இந்தச் சந்தேகம் ஏன் என்று புரியும்.

மெனியர் நோய்க்கு மூலிகை எடுத்து நிறையப் பேர் குணமானதாகச் சொல்கிறார்களே?

சொல்வார்கள், பொய்யும் இல்லை. மெனியர் நோயின் குணமே அப்படி. கொஞ்ச காலம் அடிக்கடி தாக்கும், பிறகு மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும், வருடங்கள் போகப் போகச் சுற்றல் தாக்குதல்கள் தாமாகவே குறையும். இந்த நோயில் எதைக் கொடுத்தாலும் பலருக்கு முன்னேற்றம் தெரியும்.

இதற்கு இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. ஜெர்மனியில் 221 மெனியர் நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு பீட்டாஹிஸ்டின் குறைந்த அளவு, இன்னொன்றுக்கு அதிக அளவு, மூன்றாவதற்கு மருந்துப்போலி என்று ஒன்பது மாதம் கொடுத்தார்கள். 2016-இல் முடிவு வந்தது: மூன்று குழுக்களிலும் தாக்குதல்கள் குறைந்தன, ஒரே அளவுக்கு. அதாவது, உலகம் முழுக்க எழுதித்தரப்படும் மாத்திரையே வெறும் மாத்திரையைத் தோற்கடிக்கவில்லை. இன்னொன்று இதைவிடத் துணிச்சலானது. டென்மார்க்கில் 30 மெனியர் நோயாளிகளில் பாதிப்பேருக்கு உள்காதுத் திரவப்பையில் உண்மையான அறுவை சிகிச்சை, மீதிப்பேருக்குக் காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து திரவப்பையைத் தொடாமல் மூடிய போலி அறுவை சிகிச்சை. 1981-இல் வெளியான அந்த ஆய்வில் இரு குழுவிலும் பெரும்பாலோர் தேறினார்கள்.

அதனால் மூலிகையை மட்டும் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. மாத்திரைக்கும் கத்திக்கும் இருக்கிற அதே சிக்கல்தான். ஒருவரின் அனுபவம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், மருந்துப்போலிக் குழு இல்லாமல் இந்த நோயில் எதையும் நம்ப முடியாது. மெனியர் நோய்க்கு அப்படிச் சோதித்து வெற்றி பெற்ற மூலிகை எதுவும் இதுவரை இல்லை.

இஞ்சி?

மூலிகைகளில் ஓரளவு மரியாதைக்குரிய இடம் இஞ்சிக்கு உண்டு. ஆனால் அது எங்கே வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1986-இல் டென்மார்க்கில் எட்டு ஆரோக்கியமானவர்களின் காதில் உடல் வெப்பத்திலிருந்து மாறுபட்ட வெப்பநிலையில் நீரைச் செலுத்தி, வேண்டுமென்றே சுற்றலை வரவழைத்தார்கள். முன்கூட்டியே ஒரு கிராம் சுக்குப் பொடி சாப்பிட்டவர்களுக்குச் சுற்றல் உணர்வு குறைவாக இருந்தது. ஆனால் உள்காது தூண்டப்படும்போது கண்ணில் தெரியும் அந்தத் துடிப்பு, அதை நிஸ்டாக்மஸ் என்பார்கள், கொஞ்சமும் மாறவில்லை. உள்காது அதே சேதியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். இரண்டு வருடம் கழித்து, கடல் பழகாத 80 கடற்படைப் பயிற்சி வீரர்களுக்கு இஞ்சியோ மருந்துப்போலியோ கொடுத்துக் கொந்தளிப்பான கடலில் அனுப்பினார்கள். இஞ்சி எடுத்தவர்களுக்கு வாந்தியும் குளிர் வியர்வையும் குறைந்தன. தலைச்சுற்றலில் தெரிந்த வித்தியாசம் நம்பும் அளவுக்கு இல்லை. 1991-இல் இன்னொரு குழு சுழல் நாற்காலியில் சோதித்தபோது இஞ்சி பயண மயக்கத்தைத் தடுக்கவே இல்லை.

இதிலிருந்து என் கணிப்பு: சுற்றலோடு வரும் குமட்டலுக்கு இஞ்சி கொஞ்சம் உதவலாம், ஏனென்றால் அதன் வேலை பெரும்பாலும் வயிற்றில். உள்காதுக் கோளாறை அது திருத்துவதில்லை. குமட்டலுக்காக எடுப்பதென்றால் தாராளமாக எடுக்கலாம். சோதனைகளில் கொடுத்தது சுமார் ஒரு கிராம் பொடி, அதைத் தாண்டி அள்ளிப் போடத் தேவையில்லை.

பூண்டு எண்ணெய், மூலிகைச் சொட்டு காதில் விடலாமா?

உள்காதுக் கோளாறுக்காக என்றால், வேண்டாம். காதில் விடும் சொட்டு செவிப்பறையோடு நின்றுவிடும், உள்காதுக்குப் போகாது. மருத்துவர்கள் உள்காதுக்கு மருந்து அனுப்ப நினைத்தால் செவிப்பறை வழியாக ஊசி போட்டு நடுக்காதில் நிரப்பி, அங்குள்ள மெல்லிய சவ்வு வழியே ஊறிப்போகும்படி செய்கிறார்கள். இரத்தம் வழியாகப் போவதற்கும் மூளைக்கு இருப்பது போன்ற ஒரு தடுப்பு உள்காதுக்கும் உண்டு. வாய் வழி சாப்பிடும் மூலிகைகளுக்கும் அந்தத் தடை பொருந்தும்.

பூண்டும் முல்லெய்ன் என்ற மூலிகையின் பூவும் கலந்த சொட்டு மருந்து பற்றி ஒரு ஆய்வைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். 2001-இல் வெளியானது, 103 குழந்தைகள். அது நடுக்காதுத் தொற்றில் வரும் வலிக்கானது. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தோடு ஒப்பிட்டார்கள், இரண்டிலும் வலி குறைந்தது, மருந்துப்போலிக் குழு கிடையாது. உள்காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னும் ஒன்று. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் விட்டதெல்லாம் நடுக்காதுக்குள் போய்விடும். ஓட்டை இல்லாவிட்டாலும், உடல் வெப்பத்தைவிடக் குளிர்ந்ததோ சூடானதோ காதில் போனால் அதுவே சுற்றலை வரவழைக்கும். மேலே சொன்ன இஞ்சிச் சோதனையில் செய்ததே அதுதானே!

காதில் மெழுகுவர்த்தி ஏற்றுவது?

கூடாது. 1996-இல் வெளியான ஆய்வில் அது காதில் எந்த உறிஞ்சும் விசையையும் உண்டாக்கவில்லை, அழுக்கையும் எடுக்கவில்லை. தீக்காயங்களும் உருகிய மெழுகு காதில் அடைத்ததும்தான் பதிவாகியிருக்கின்றன.

மஞ்சள், பச்சைத் தேயிலைச் சாறு போன்றவை கேட்கும் திறனைத் திருப்பிக் கொண்டுவருமா?

மனிதக் காக்ளியாவில் பிறக்கும்போதே ஒலியை உணரும் சுமார் 15,000 முடிச் செல்கள் (மயிர் போன்ற நுனியுள்ள செல்கள்) இருக்கின்றன. அவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கும், நமக்கில்லை. ஆகவே "இழந்த செவித்திறனை மீட்கும்" என்று எந்த மூலிகையைப் பற்றிச் சொன்னாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

சேதம் வருமுன் காப்பது என்பது வேறு கேள்வி. மஞ்சளில் உள்ள குர்குமின், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் எலிகளின் காதுக்கு வரும் பாதிப்பைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் வாய் வழி எடுத்த குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. எலியில் கிடைத்த நம்பிக்கையை மனிதக் காதுக்கு நீட்டிக்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தாமாக மாத்திரையாக எடுக்கவே கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான்.

அப்படியானால் தாவரத்திலிருந்து வந்த எதுவுமே உள்காது விஷயத்தில் வேலை செய்வதில்லையா?

செய்கிறது, நன்றாகவே. ஸ்கோபோலமைன் என்ற மருந்து பயண மயக்கத்துக்கு மிக வலுவான ஆதாரமுள்ளது. காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டையாக வருகிறது, மூன்று நாளில் மொத்தம் ஒரு மில்லிகிராம் அளவுக்கு உடம்பில் சேரும். ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் பொருள் அது. அதற்காக ஊமத்தையைத் தொடாதீர்கள். செடிக்குச் செடி, இலைக்கு இலை அளவு மாறும். கொஞ்சம் கூடினால் பிதற்றல், இதயப் படபடப்பு, உயிர் ஆபத்து. அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்ததால்தான் விஷம் மருந்தானது.

எதிர்த்திசையிலும் தாவரங்கள் வேலை செய்கின்றன. சின்கோனா பட்டையிலிருந்து வரும் குயினைன் காது இரைச்சலையும் மந்தத்தையும் உண்டாக்கும். வில்லோ மரப்பட்டையில் உள்ள சாலிசின் ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். ஆஸ்பிரின் வகை அதிக அளவில் போனால் காதில் ரீங்காரம் கேட்கும், பெரும்பாலும் நிறுத்தினால் போய்விடும். இயற்கையானது என்பதால் காதுக்குத் தீங்கு செய்யாது என்ற வாதம் இங்கே நிற்காது.

மற்ற மருந்துகளோடு சேர்த்து எடுக்கலாமா?

கவனம் வேண்டிய சில இடங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ஜின்கோ இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டலாம். அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்திவிட வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஜின்கோ ஏற்றதல்ல. அதன் விதையில் வலிப்பைத் தூண்டும் நச்சுப்பொருள் உண்டு.

அதிமதுரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து நிறைய எடுத்தால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மெனியர் நோயாளிகளை உப்பைக் குறைக்கச் சொல்லிச் சிலருக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் தருவார்கள். அந்த மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை இறக்குபவை. கூடவே அதிமதுரமும் சேர்ந்தால் சிகிச்சைக்கு நேர் எதிராக இழுக்கும்.

அப்புறம், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. ஜின்கோ மாத்திரைகளிலும் மலிவான வேறு தாவரப் பொருள்களைக் கலப்பது தெரிந்த மோசடிதான்.

எப்போது மூலிகை, மாத்திரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஓட வேண்டும்?

ஒரு காது திடீரென்றோ மூன்று நாளுக்குள்ளோ கேட்காமல் போனால், அன்றே. சளி அடைப்பாக இருக்கும் என்று நினைத்து ஆவி பிடித்து, கஷாயம் குடித்து, பத்து நாள் கழித்து வருகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள், சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது. மூலிகையால் வரும் உண்மையான நஷ்டம் பெரும்பாலும் மூலிகையில் இல்லை, இந்தத் தாமதத்தில் இருக்கிறது.

சுற்றலோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், நிற்கவே முடியாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

மருந்து வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். ஆதாரமுள்ள வழி ஏதாவது?

இருக்கிறது, பலர் இங்கேதான் ஆச்சரியப்படுகிறார்கள். பிபிபிவிக்கு எப்லி முறை என்று ஒன்று உண்டு. படுக்கவைத்துத் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களை வெளியே உருளவிடுவது. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-இல் விரிவாக வெளியிட்டார். சில நிமிட வேலை. 2014-இல் காக்ரேன் தொகுத்துப் பார்த்தபோது, சுற்றல் முழுதாக நின்றவர்கள் போலிச் சிகிச்சையில் 21 சதவீதம், எப்லியில் 56 சதவீதம். எந்த மூலிகையும் எந்த மாத்திரையும் இந்த நோயில் அந்த அளவைத் தொட்டதில்லை. முதல் முறை தெரிந்தவரிடம் செய்துகொள்ளுங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று பார்த்துச் செய்ய வேண்டும். கழுத்துப் பிரச்சினை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நியூரைட்டிஸுக்குப் பிறகு தள்ளாட்டம் நீடித்தால் சமநிலைப் பயிற்சிகளுக்கு நல்ல ஆதாரம் உண்டு. மூளை மறுபடி பழகிக்கொள்ளும். சுற்றலை அமுக்கும் மாத்திரைகளை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அந்தப் பழக்கம் தாமதமாகும், ஆகவே முதல் சில நாளுக்கு மட்டும். பிபிபிவி திரும்பத் திரும்ப வருகிறவர்கள் வைட்டமின் டி அளவையும் பார்க்கலாம். தென்கொரியாவில் 957 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் கொடுத்தபோது திரும்ப வருவது குறைந்தது. மூலிகை இல்லைதான், ஆனால் "இயற்கையாக ஏதாவது" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

காது இரைச்சலுக்கு மாத்திரையே இல்லை என்றால் என்னதான் செய்வது?

முதலில் கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். மந்தம் இருந்தால் காது கேட்கும் கருவி போட்டதும் பலருக்கு இரைச்சல் பின்னால் போய்விடுகிறது. அறிவுசார் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இரைச்சலின் ஒலியைக் குறைக்காது, அது தரும் தொல்லையைக் குறைக்கிறது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், அல்லது நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கிற இரைச்சல் என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மூலிகையை முயன்று பார்க்க விரும்பினால்?

சரி, பாருங்கள். நோயின் பெயர் தெரிந்த பிறகு, அவசர நிலை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு. ஒரே நேரத்தில் ஒன்று மட்டும். தொடங்குவதற்கு முன்பே சுற்றல் வந்த நாள், எவ்வளவு நேரம், இரைச்சல் எப்படி என்று சில வாரம் குறித்து வையுங்கள், எடுக்கும்போதும் குறியுங்கள். 12 வாரத்தில் குறிப்பில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மருத்துவரிடம் மறைக்காதீர்கள், பாட்டிலையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் விஷயத்தில் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.